பச்சை டிக்

ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்வதா வேண்டாமா என்று நஸ்ரின் இன்னும் முடிவு செய்யவில்லை. அதற்குள் அங்கே வேலை பார்க்கும் எஸ்தர் அக்கா பச்சைப் பேனாவை நீட்டினாள்.

"இங்க ஆளுக்கு ஒரு டிக் இருக்கும்மா. பார்த்ததுமே யார் சரிபார்த்ததுன்னு தெரியணும். உன்னோடதப் போட்டுப் பழகு."

பழைய தாள் ஒன்றில் நஸ்ரின் போட ஆரம்பித்தாள். ஒன்று அரிவாளாக வளைந்தது. இன்னொன்றுக்கு வால் நீண்டுவிட்டது. எதுவும் அவளுடையதாகத் தெரியவில்லை. தாள் தீர்ந்ததும் கை தன்பாட்டுக்குப் பக்கத்துத் தாளுக்குத் தாவியது. கச்சிதமாக ஒன்று விழுந்தது.

"இதுதான் உன்னோடது!" என்றாள் அக்கா.

அது நஸ்ரினின் சேர்க்கைப் படிவம். 'சேரச் சம்மதம்' என்ற கட்டத்துக்குள் ஈரம் காயாமல் இருந்தது டிக்.

"அக்கா, இது சும்மா பழகினது" என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு, அப்படித்தானா என்று தெரியவில்லை.