பல்லி சொன்ன பலன்

கப்பலேறிக் குளிர் தேசம் ஒன்றுக்குப் போன பல்லிக் குடும்பத்தில் பிறந்தவள் தவிட்டி. அங்கே பெரியவர்கள், "நம்ம ஊர்ப் பல்லின்னா வாயைத் திறந்தா சகுனம்தான், வீண்பேச்சே கிடையாது" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். கிழக்குச் சுவரில் கத்தினால் ஒரு பலன், மேற்கில் கத்தினால் வேறு பலன். எவ்வளவு படித்தும் அது அவள் மண்டையில் ஏறவில்லை. தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்து வாயையே திறக்காமல் இருந்தாள்.

ஒருநாள் யாரோ ஊருக்குக் கட்டிய பெட்டியில் ஒட்டிக்கொண்டு சொந்த ஊருக்கே வந்து சேர்ந்தாள். அங்கே விளக்கடியில் அத்தை மகள் முத்தழகி ஓயாமல் கத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது என்ன பலன்?" என்று தவிட்டி கேட்டாள்.

"பலனா? என் விளக்குப் பக்கம் வராதேன்னு எதிர்ச்சுவர்க்காரனை விரட்டறேன்."

"அப்ப சகுனம்? உங்களை மாதிரி சொல்லணும்னு அங்க எங்களுக்கு வகுப்பே நடக்குது!"

"எங்களை மாதிரியா? அடி பாவமே! அதெல்லாம் கீழ இருக்கிற மனுஷங்க சொல்லிக்கிறதுடி."

தவிட்டியின் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. பிறந்ததிலிருந்து அடக்கி வைத்த சத்தமெல்லாம் பீறிட்டு வந்தது.

கீழே ஒருத்தி தன் கணவனிடம், "இந்த வருஷம் நல்ல மழைன்னு சொன்னேனே, பாருங்க, பல்லியே சொல்லுது!" என்றாள்.

தவிட்டி திடுக்கிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

"நீ பாட்டுக்குக் கத்து" என்று முத்தழகி சிரித்தாள். "பெய்யாட்டி, திசை சரியில்லைன்னு அவங்களே சொல்லிக்குவாங்க."

தவிட்டி விட்ட இடத்திலிருந்து மறுபடி கத்தத் தொடங்கினாள்.