பச்சை பூசிய பக்கம்

கடப்பாரை மேசை மேல் இறங்கியது. ஓரத்துக் கண்ணாடி நொறுங்கி வரைவாளரின் மடியில் கொட்டியது.

"பச்சை எப்படிய்யா என் பக்கம் வந்துச்சு?" என்று கத்தினான் அண்ணன்காரன். "என் தம்பிகிட்ட என்னத்த வாங்கித் தின்ன?"

நகரமைப்பு அலுவலகத்தில் குறுக்கே வர ஒருவரும் இல்லை. கடப்பாரையைக் கண்டதுமே அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் வெளிவேலை வந்துவிட்டது. பியூன் மட்டும் ஓட வழியில்லாமல் பீரோவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

ஊர் பெருத்துக்கொண்டே வந்ததில் அண்ணனும் தம்பியும் அப்பாவின் நிலத்தை மனைகளாகப் பிரிக்க விண்ணப்பித்திருந்தார்கள். நடுவில் வடக்கு தெற்காக ரோடு. கிழக்குப் பாதி அண்ணனுக்கு, மேற்குப் பாதி தம்பிக்கு. பிள்ளைகளுக்குள் மனக்கசப்பு வரக்கூடாது என்று அப்பா ரோட்டுக்கு இரண்டு பக்கமும் எதிரெதிராக ஒரே அச்சில் வீடு கட்டிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடியிருந்தார்.

மனை பிரித்தால் நடுவில் பூங்காவுக்கு இடம் விட்டாக வேண்டும். விட்டால் இரண்டில் ஒரு வீடு இடிபடும். யாருடைய வீடு என்பதுதான் கேள்வி.

அந்தப் படம் வரைவாளரின் முன்னால் விரிந்து கிடந்தது. வெறும் பென்சில் கோடுகள், எழுத்து இன்னும் ஏறவில்லை. ரோட்டின் ஒரு பக்கத்தில் பூங்காவுக்கான பச்சை பூசியிருந்தது. வடக்கைக் காட்டும் அம்பு, மேசைக்கு எதிரே நின்ற அண்ணன்காரனின் வயிற்றைக் குறிபார்த்தது.

"காலைல இங்க வந்து நின்னப்பவே பாத்துட்டேன். எங்கம்மா கை கால் விழுந்து படுத்திருக்குற வீடுய்யா அது. அதை இடிச்சிட்டு ஊஞ்சல் கட்டப் போறியா?"

"அண்ணே, ஒரு நிமிஷம்..." வரைவாளர் படத்தின் மூலையைப் பிடித்தார்.

கடப்பாரை அவருடைய இடது கையில் விழுந்தது. விரல்கள் முறிந்த சத்தம் பீரோ வரைக்கும் கேட்டது. அவர் அலறினார்.

"ஒளிக்கப் பாக்குறியா? படத்தை அசைச்சே, அடுத்த அடி மண்டையிலதான்!"

அப்போதுதான் வரைவாளர் அவனுடைய சட்டையைப் பார்த்தார். தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் ரத்தம். அவ்வளவு ரத்தம் தன் விரல்களில் இருந்து வந்திருக்க முடியாது.

"இது யாரோட ரத்தம்ணே?"

"என் தம்பியோடதுதான். அவன் வீட்டு வாசல்ல கெடக்கான். ஒண்ணுமே தெரியாத மாதிரி 'வாண்ணே, ஒரு சேதி சொல்லணும்'னு சிரிச்சுக்கிட்டே வந்தான். ஒரே போடு, அதோட சரி." அவன் குரல் உடைந்தது. உடனே அதை அதட்டலாக மாற்றிக்கொண்டான். "நான் ஜெயிலுக்குப் போறேன். எங்கம்மா அந்த வீட்லயே இருக்கணும். மாத்துய்யா பச்சையை!"

வரைவாளர் எதையோ சொல்ல வாயெடுத்தார். கடப்பாரையின் முனை உதட்டில் இடித்தது. பல் ஒன்று படத்தின் மேல் விழுந்து உருண்டது.

உயிர் யாருக்கும் வெல்லம்தான். வலது கையால் ரப்பரை எடுத்துப் பச்சையை அழித்தார். ரோட்டைத் தாண்டி மறுபக்கத்தில் பூசினார். வாயிலிருந்து சொட்டியதைச் சட்டைக் கையால் ஒற்றி ஒற்றிப் பூசி முடித்தார்.

"கையெழுத்தும் போடு. என் கண்ணு முன்னாடி."

ஒற்றைக் கையால் பேனா மூடியைத் திறக்கத் தடுமாறினார். அண்ணன்காரனுக்குப் பொறுக்கவில்லை. மேசையைச் சுற்றி வந்து, வரைவாளரின் பிடரியைப் பிடித்துப் படத்தின் மேல் அழுத்தினான். கையெழுத்து கோணலாக விழுந்தது.

அவருடைய தோளுக்கு மேலாக அவனும் படத்தைப் பார்த்தான். அம்பு இப்போது மேல்நோக்கி நின்றது. பச்சை, ரோட்டுக்கு வலப்பக்கத்தில் இருந்தது.

பிடரியில் இருந்த பிடி தளர்ந்தது.

"யோவ்... இது கிழக்கால்ல? இது என் பக்கம்யா!"

"ஆமாண்ணே."

"அப்ப காலைல?"

"காலைல தம்பி பக்கம்தான் இருந்துச்சு. நீங்க எதிர்ல நின்னு தலைகீழா பாத்துட்டீங்க."

கடப்பாரை தரையில் விழுந்தது. "அவன் பக்கமா? அவன் வீட்டை இடிக்கவா? யாரைக் கேட்டுய்யா போட்ட?"

வரைவாளர் முறிந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார்.

"'அம்மா படுத்திருக்குற வீட்டைத் தொடாதீங்க, என் வீட்டை எடுத்துக்கங்க'ன்னு தம்பிதாண்ணே வந்து கேட்டாரு."