சகோரத்தின் கண்

உப்பளத்துக்கு ஓர் அதிகாரி, அவனைக் கண்காணிக்க ஓர் ஒற்றன், அந்த ஒற்றன் பின்னால் இன்னோர் ஒற்றன் என்று நாட்டை ஆண்ட மகாராஜா, தம் பேரரசிலேயே நம்பியது ஒரு சகோரப் பறவையை மட்டும்தான். நஞ்சு கலந்த சோற்றைக் கண்டால் அதன் கண் சிவந்துவிடும் என்பார்கள். பறவைக்காரன் சோமிலன் அதைத் தட்டின்மேல் பிடித்து, கண்ணைப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் மகாராஜா சோற்றில் கை வைப்பார்.

நேற்று மாலை தினை ஊட்டும்போது சோமிலனின் விரல் பறவையின் கண்ணருகே போயிற்று. அது இமைக்கவில்லை. விளக்கைக் காட்டினான், அப்போதும் இமைக்கவில்லை. குருடாகி எத்தனை நாளாயிற்றோ! வெளியே சொன்னால் முதலில் உருளப்போவது அவன் தலை. தானாகக் குருடானதா, யாராவது குருடாக்கினார்களா? விடியும்வரை அதே யோசனை. பொட்டுத் தூக்கமில்லை.

இன்று சோறு பரிமாறிய சமையற்காரன் நாகதத்தன், என்றுமில்லாத திருநாளாக, "பறவை நல்லா இருக்கா சோமிலா?" என்று கேட்டான். சோமிலன் அவனை நிமிர்ந்து பார்த்தான். இவனுக்கு எதற்கு இந்த அக்கறை? சோற்றில் நெய் வாசனைதான் வந்தது. பறவையைத் தட்டின்மேல் பிடித்தான். தலையசைப்பதா, வேண்டாமா?

கடைசியில் அசைத்துவிட்டான்.

மகாராஜா சோற்றைத் தொடவில்லை. அவர் ஒரு நாளும் பறவையைப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் சோமிலனுக்கு உறைத்தது.

"பறவை கிடக்கட்டும். உன் கண்ணு ஏன்டா இப்படிச் செவந்திருக்கு?" என்று கேட்டபடி, மகாராஜா தட்டை மெல்ல அவன் பக்கம் நகர்த்தினார்.