அறுகிற கயிறு

“கழுத்தை நெரிச்சாராம்மா?”

எஸ்.ஐ. அம்மா கேட்டபோது அவன் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான்.

அந்த மகளிர் காவல் நிலையத்தின் வழக்கம் அது. புருஷன் பெண்டாட்டியைச் சேர்த்து உட்காரவைத்துத்தான் விசாரிப்பார்கள். தனித்தனியாக உட்காரவைத்தால் குடும்பம் பிரிந்துவிடுமாம்.

அவன் முழங்கால் அவள் முழங்காலை உரசியது.

“இல்லைங்க மேடம்” என்றாள்.

வேறென்ன சொல்ல? உண்மையைச் சொல்லிவிட்டு அவனோடு ஒரே பைக்கில் வீட்டுக்குப் போகவா?

இன்றைக்கு, பின்னால் நிற்கிற தன் அம்மாவோடு அனுப்பிவைத்தால் பிழைத்துக்கொள்வாள். அவனோடு அனுப்பினால் அடுத்த முறை கண் விழிக்க மாட்டாள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

எஸ்.ஐ. அம்மாவின் பார்வை அவள் கழுத்துக்கு வந்தது. வெறும் மஞ்சள் கயிறு.

“தாலிச்சங்கிலி எங்கம்மா?”

“அவளேதான் கழட்டிட்டா மேடம். என்னைய மதிக்கிறதே இல்ல. அதான் எனக்கு வருத்தம்.” குரல்கூடத் தழுதழுத்தது பாவிக்கு.

கழற்றியது உண்மைதான்.

போன வாரம் அந்தச் சங்கிலியைத்தான் அவன் கையில் சுற்றி முறுக்கினான். சங்கிலி அறுந்துபோகவில்லை. அவளுக்குக் கண் இருட்டிவிட்டது. தெளிந்தபோது தரையில் கிடந்தாள். மறுநாளே தாலியைக் கயிற்றில் கோத்துக்கொண்டாள். முறுக்கினால் கயிறு அறுந்துவிடும். அதைவிட்டால் வேறு வழி தோன்றவில்லை.

தலையை நிமிர்த்தி, “கயிறுன்னா...” என்று ஆரம்பித்தாள்.

“வெறுங்கயிறோட நின்னா எந்தப் புருஷனுக்கும் மனசு கஷ்டமாத்தாம்மா இருக்கும்.”

எஸ்.ஐ. அம்மா நல்லவர்தான். பிரச்சினையின் வேரைப் பிடித்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில்.

பின்னால் நின்ற அம்மா கூசிப்போனாள். மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அவளுக்கென்று இருந்த ஒரே நகை.

“இதுல கோத்துக்கோ செண்பகம். எங்கண்ணு முன்னாடி மாப்பிள்ளையே போட்டுவிடட்டும்.”

ஏட்டம்மா கயிற்றை அவிழ்த்து, தாலியைச் சங்கிலியில் கோத்துக் கொடுத்தார்.

வேண்டாம் என்று அம்மாவைக் கண்ணாலேயே கெஞ்சினாள். அம்மா அழுகையும் சிரிப்புமாக நின்றாள்.

அவன் குனிந்து கொக்கியை மாட்டினான். சரியாக விழுந்திருக்கிறதா என்று லேசாக இழுத்துப் பார்த்தான்.

“நல்ல கெட்டி, அத்தை” என்றான்.