டிக்கியில் இருந்த பசை

“கீறல் விழாம எடுத்துடுங்க சம்மந்தி” என்று எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் கொடுத்தேன்.

ராஜாங்கம் வேட்டியை மடித்துக் கட்டி, காருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். என் மருமகளைப் பெற்றவர். செராமிக் கம்பெனியில் வேலை. சொந்த ஊரான கருவேப்பிலங்குறிச்சியில் இருந்த நிலத்தை விற்று இந்தக் காரைச் சீராகக் கொடுத்தவர்.

கல்யாணத்தன்று டிக்கிக் கதவில் ‘மணிபாரதி - அனுசியா’ என்று ஸ்டிக்கர் எழுத்து ஒட்டினார்கள். என் மகன் பெயர் அப்படியே இருக்கிறது. அவள் பெயரைப் போன மாதம் நான்தான் நகத்தால் உரித்தேன். எழுத்து வந்தது, பசை வரவில்லை. சனியன், தூசி அடைந்து முன்னைவிடக் கறுப்பாகத் தெரிந்தது.

கார் கழுவும் கடையில் விடலாம்தான். பிளேடைப் போட்டுச் சுரண்டி வைப்பான். வாங்கிக் கொடுத்தவர் கைக்குத்தான் அந்தப் பயம் இருக்கும்.

தோளில் கிடந்த துண்டை எடுத்தார்.

“அது வேணாங்க. பீங்கான் தூசி இருக்கும், பெயிண்ட்ட அறுத்துடும்” என்று மகனின் பழைய பனியனைத் தூக்கிப் போட்டேன்.

எண்ணெய் தடவி ஊறவிட்டார். பனியனை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து ஒற்றினார். பசை இளகியதும் கட்டை விரலால் உருட்டி உருட்டி எடுத்தார், குழந்தைக்குக் கண் பீளை எடுப்பதுபோல. பார்க்கவே எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆடிக்குத் தாய்வீடு போன பெண். ஆவணி பிறந்ததும் நாங்கள் போய் அழைத்து வர வேண்டும், அதுதான் முறை. ஆவணி போனது, தீபாவளி போனது, பொங்கலும் போனது. அவர் வந்து வந்து வாசலில் நின்றார். கார் ரிப்பேர், கார் இல்லாமல் எப்படி அழைப்பது என்றேன். அதையும் நம்பினார். நம்புகிற மனுஷனை என்னதான் செய்வது?

இன்று காலை போனில் சொன்னேன். பெயர் கிழிந்து அசிங்கமாக இருக்கிறது, துடைத்தால்தான் புது எழுத்து ஒட்டி வெள்ளிக்கிழமை வண்டியை அனுப்ப முடியும் என்று. அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டார்.

“தை பொறந்துதுல்ல சம்மந்திம்மா, வழியும் பொறந்துடுச்சி” என்றார் தேய்த்துக்கொண்டே. முகமெல்லாம் வேர்வையும் சிரிப்பும்.

முடித்ததும் குனிந்து பார்த்தேன். ஒரு கோடு இல்லை. என் முகம் தெரிந்தது.

அவர் கையைக் கழுவிவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“வெள்ளிக்கெழம அனுசியாவ ரெடியா இருக்கச் சொல்லிடறேன். வண்டி ஊருக்குள்ள வர வேணாங்க, சந்து குறுகலு, செவுத்துல ஒரசிடும். நாங்க மெயின் ரோட்டுலியே வந்து நிக்கிறோம்.”

“சரிங்க” என்றேன்.

காபிகூட வேண்டாம் என்று பஸ்ஸுக்கு ஓடினார். பெண்ணிடம் நேரில் சொல்ல வேண்டுமாம்.

பீரோவிலிருந்து புது எழுத்துகளை எடுத்து வந்து நானே ஒட்டினேன். இளமதி. ஸ்ரீமுஷ்ணத்துப் பெண். வெள்ளிக்கிழமை முகூர்த்தம், அவர்கள் ஊர் மண்டபத்தில்.

கருவேப்பிலங்குறிச்சியைத் தாண்டித்தான் ஸ்ரீமுஷ்ணம் போயாக வேண்டும். அந்த ஊரில் மட்டும் வேகத்தைக் குறைக்காதே என்று டிரைவரிடம் சொல்லி வைக்க வேண்டும்.

பெயர் பின்பக்கம்தானே இருக்கிறது. வண்டி அவர்களைத் தாண்டிய பிறகுதான் படிக்க முடியும்.