கதவு திறந்தே இருக்கட்டும்

வெளியே அந்த இத்தாலிய மலையூரில் பனி இன்னும் உருகவில்லை. லமாரா வாசல் கதவை அகலத் திறந்து வைத்தாள். தலைவாரி, கறுப்புத் துணியைத் தலையில் நேராகக் கட்டிக்கொண்டு நிலைப்படியில் வந்து நின்றாள். ஐம்பத்திரண்டு வயதில் பெண் பார்க்க யாரோ வருகிறார்களோ என்று தெருவில் போகிறவர்கள் நினைத்திருப்பார்கள்.

"நம்ம டீம் கோல்கீப்பரும் இப்படித்தான். வாசலைத் திறந்து விட்டுட்டு வேடிக்கை பாக்குறான்," என்றார் ஒத்தாவியோ. ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து விளையாட்டுப் பக்கம் படித்துக்கொண்டிருந்தார். பக்கவாதம் அவர் கால்களை எடுத்துக்கொண்டு வாயை விட்டுவைத்திருந்தது. குளிப்பாட்டுவது, சமைத்துக் கொடுப்பது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் சம்பளத்துக்கு வந்த லமாராவின் வேலை.

"பெல் ரிப்பேர் ஐயா. தட்டுறது கேக்காமப் போயிட்டா?"

"குளிர்ல நான் போய்ச் சேர்ந்துட்டா யாருக்குச் சமைச்சுப் போடுவே?"

அவள் நகராட்சிக் காவலருக்காகக் காத்திருந்தாள். இந்த வீட்டில்தான் குடியிருக்கிறாள் என்று அவர் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் வெளிநாட்டுக்காரிக்கு அடையாள அட்டை கிடையாது, டாக்டர் கிடையாது, நாட்டில் இருக்கும் அனுமதியைப் புதுப்பிக்கவும் முடியாது. எப்போது வருவார் என்று சொல்லமாட்டார்கள். வரும்போது ஆள் இல்லையென்றால் மனு குப்பைக்குப் போகும்.

மனுக் கொடுத்து இன்றோடு எழுபத்தோரு நாள். வியாழக்கிழமை அரைநாள் விடுப்பைக்கூட அவள் எடுப்பதில்லை. ரொட்டி வாங்கப் பக்கத்து வீட்டில் சொல்லி அனுப்புகிறாள். மொட்டைமாடியில் துணி காயப்போடும் பத்து நிமிடம்தான் அவள் பார்க்கும் வெளியுலகம்.

ஜார்ஜியா நாட்டில் அவள் அம்மா இறந்து இது முப்பத்தாறாம் நாள். அடக்கத்தை ஃபோனில்தான் பார்த்தாள். அன்று ஒத்தாவியோவும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். வருகிற ஞாயிறு நாற்பதாம் நாள் சடங்கு. ரொட்டியை மதுவில் நனைத்து அம்மாவின் பெயரைச் சொல்லும்போதாவது மூத்த மகள் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று மனம் கிடந்து தவித்தது.

ஃபோன் அடித்தது. பாரி துறைமுகத்திலிருந்து, வாராவாரம் ஜார்ஜியாவுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன்காரன் ஸாஸா.

"அக்கா, பன்னெண்டு மணிக்கு வண்டியைக் கப்பல்ல ஏத்திருவோம். மலையிலிருந்து இறங்கி வரவே உங்களுக்கு ரெண்டு மணி நேரம் ஆகும். வரீங்களா, இல்லையா?"

"அந்த ஆளு இன்னும் வரலப்பா."

"அவன் கெடக்கான், நீங்க வாங்கக்கா. இதை விட்டா அடுத்த வாரம்தான்."

"கொஞ்சம் இரு. இன்னைக்கு வந்தாலும் வந்துருவான்."

மனுக் கொடுத்த அன்று கையில் தந்த தாளைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தாள். பேசத் தெரிந்த அளவுக்கு அவளுக்கு இத்தாலிய மொழி படிக்க வராது.

"ஐயா, எத்தனை நாள் காத்திருக்கணும்னு இதுல போட்டிருக்கா, பாத்துச் சொல்லுங்க."

"பொடி எழுத்தும்மா. எனக்குக் கண்ணு தெரியல," என்றார் அவர், கால்பந்துப் பட்டியலிலிருந்து பார்வையை எடுக்காமல். "நாளைக்கு வந்துருவான். இந்த ஊர்ல எல்லாமே நாளைக்குத்தான்."

"பத்தே நாள் ஐயா. போயிட்டு ஓடி வந்துருவேன்."

"உனக்கு முன்னாடி என்னைப் பாத்துக்கிட்ட மிஹாயேலாவும் இதையேதான் சொல்லிட்டுப் போனா. அவ விட்டுட்டுப் போன செருப்பைத்தானே நீ மாட்டிக்கிட்டிருக்கே?"

லமாரா வாசலுக்குத் திரும்பினாள். பத்து மணி ஆனது, பதினொன்று ஆனது. மாதா கோயில் மணி பன்னிரண்டு அடித்து ஓய்ந்த கையோடு ஸாஸாவிடமிருந்து செய்தி வந்தது. 'ஏத்தியாச்சு அக்கா. மன்னிச்சுக்குங்க.'

அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் தெருமுனையில் சீருடை தெரிந்தது. காவலர் ருஜேரோ.

கெட்ட நேரம் வந்தால் ஒட்டகத்தில் ஏறினாலும் நாய் கடிக்கும். இருந்தாலும் லமாரா துள்ளி எழுந்தாள். கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரை உள்ளே அழைத்தாள்.

"வாங்க ஐயா, வாங்க! இதோ என் கட்டில். இதோ என் பிரஷ். பாஸ்போர்ட் இதுல இருக்கு. எல்லாத்தையும் பாத்துக்குங்க."

ருஜேரோ விழித்தார். "நான் நாளைக்குத் தண்ணி வராதுன்னு சொல்ல வந்தேம்மா."

"அப்ப என் மனு?"

"அதுவா? அது ஜனவரியிலேயே முடிஞ்சு போச்சே! நான் வந்தப்ப நீங்க மாடியில துணி காயப்போட்டுக்கிட்டிருந்தீங்க. குடியிருக்காதவளா இத்தனை போர்வையைத் துவைக்கப் போறா? தெருவுல நின்னே எழுதிட்டேன்." அவர் ஜன்னலைக் காட்டினார். "ஐயாகிட்ட இது வழியாச் சொல்லிட்டுத்தானே போனேன். உங்ககிட்டச் சொல்றேன்னாரே?"

தொப்பியைத் தொட்டுவிட்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போனார்.

லமாரா மெல்லத் திரும்பினாள். ஒத்தாவியோ செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார்.

"அன்னைக்கு என்கூட உக்காந்து அழுதீங்களே ஐயா..."

தாளுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஊருக்குப் போனவ எவளும் திரும்பி வந்ததில்லையேம்மா."