கௌரி பிடித்து வைத்த நாள்

"அம்மாவின்ர நினைவுச் சாப்பாட்டுக்குப் பதினோராம் திகதி ஏலாதெண்டால் என்ன கதை மிஸ் இது? நான் என்ன ஓசியிலயே கேக்கிறன்?"

ஸ்ரீஸ்கந்தராசா மேசையில் போட்ட அடியில் பேனை உருண்டு நிலத்தில் விழுந்தது. மேசை ஓரத்தில் கொப்பி எழுதிக்கொண்டிருந்த சிறுமி, ஊன்றுகோலை நீட்டி அதைத் தன் பக்கம் இழுத்து எடுத்தாள். மனிதர் கவனிக்கவில்லை.

வெறுங்கையோடு கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் பழைய இரும்புக்குப் பேரம் பேசியே மேல்மாடி எழுப்பியவர். அவருக்கு முன்னால் 'ஏலாது' என்று சொன்ன ஆட்கள் குறைவு. வெள்ளவத்தைச் சிறுவர் இல்லத்துப் பொறுப்பாளர் பத்மாவதி அதைச் சொன்னதோடு நில்லாமல், புன்னகைத்துக்கொண்டும் இருந்தார்.

"ஐயா, ஓகஸ்ட் பன்னிரண்டு இரவுச் சாப்பாடு மட்டும் மிச்சம் இருக்கு. அதை எடுங்கோவன்."

"அம்மா செத்தது பதினோராம் திகதி. செத்த நாளை நான் மாத்த ஏலுமோ?"

நினைவுச் சாப்பாடு பதியும் கொப்பியை ஸ்ரீஸ்கந்தராசா தானே இழுத்துப் புரட்டினார். ஒவ்வொரு திகதிக்கு நேரேயும் ஒரு பெயர். தில்லைநாதன், தகப்பனார் நினைவு. புளோறன்ஸ், கணவர் நினைவு. ஓகஸ்ட் பதினொன்றில் மட்டும் சிவப்பு மையில் ஒரே சொல்: கௌரி.

"ஆர் இந்தக் கௌரி? டொக்டர்மாற்ற மனிசி ஆரும்?"

"இல்லை."

"லண்டன் ஆளோ?"

"இல்லை ஐயா."

"சரி, எவ்வளவு குடுக்கிறா? நான் ரெண்டு மடங்கு தாறன்."

"அவ ஒண்டும் குடுக்கிறேல்லை."

ஸ்ரீஸ்கந்தராசாவுக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. "ஒண்டும் குடுக்காத மனிசிக்கு நாளை மறிச்சு வைக்கிறியள்! நாலு செக்பொயின்ற்றில ஐடென்றிற்றியைக் காட்டிக் காட்டி வந்தவன் விசரனோ? அண்டைக்கு இஞ்ச என்ன சமையல்?"

"கோழிக்கறி."

"கோழியோ!"

"வருசத்தில அந்த ஒரு நாள்தான். மற்ற நாளெல்லாம் ஆற்றையோ நினைவுச் சாப்பாடு. மரக்கறி."

"தேவாரம் படிக்கிறேல்லையோ?"

"அண்டைக்கு இல்லை. பிள்ளையளை வரிசையில நிப்பாட்டிப் படம் எடுக்கவும் விடுறேல்லை. கௌரியின்ர கண்டிசன்."

காசும் குடுக்காமல் கண்டிசனும் போடுகிற இந்தப் பெண்பிள்ளை யார்? கோபத்துக்கு நடுவிலும் அவருக்கு ஆளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. தன்னிலும் கெட்டிக்காரியாய் இருப்பாள் போல.

ஆனாலும் விடவில்லை. கொப்பியைச் சிறுமியின் பக்கம் தள்ளினார்.

"பிள்ளை, அந்தப் பேரை வெட்டிப்போட்டு, அமரர் சிவக்கொழுந்து எண்டு எழுது."

சிறுமி பேனையை மூடி வைத்தாள்.

"என்ன, சொன்னது கேக்கேல்லையோ? மிஸ், அந்தக் கௌரியை இப்பவே கூப்பிடுங்கோ. நான் நேரில கதைக்கிறன்."

"அப்ப கதையுங்கோ. உங்களுக்கு முன்னாலதான் இருக்கிறா."

ஸ்ரீஸ்கந்தராசா இப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தார். பத்து வயது இருக்கும். சூம்பிய வலது கால். கையில் சிவப்பு மை.

"அகதி முகாமிலயிருந்து வரேக்க ஒரு துண்டுப் பேப்பர் இவவோட இல்லை," என்றார் பத்மாவதி. "காலைப் பாத்து மூண்டு பள்ளிக்கூடம் ஏலாதெண்டது. நாலாவது, பிறந்த திகதி கேட்டுது. நீயே ஒரு நாளை எடு எண்டு விட்டிட்டன். எடுத்தா. இப்ப பேப்பர் இல்லாத பதினாறு பிள்ளையளுக்கும் அதுதான் பிறந்தநாள்."

ஸ்ரீஸ்கந்தராசாவின் குரல் இறங்கியது. ஆனால் பேரம் பேசிப் பழகிய வாய் சும்மா இருக்குமா?

"அப்பிடியெண்டால் நீ தெரிஞ்செடுத்த நாள்தானே, பிள்ளை? வேறை ஒண்டை எடன். உனக்குக் காலுக்குப் புதுச் சப்பாத்து செய்விச்சுத் தாறன். சரியோ?"

"வேறை நாள் இல்லை ஐயா."

"வருசத்தில முந்நூற்றறுபத்தைஞ்சு நாள் கிடக்கு!"

கௌரி கொப்பியைத் திரும்ப அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்களும் தேடிப் பாருங்கோ. நான் முழுக்கப் பாத்தனான். அண்டைக்கு மட்டும்தான் ஒருத்தரும் சாகேல்லை."

அவர் தேடவில்லை. மூடியிருந்த பேனையைத் திறந்து அவள் கையில் கொடுத்தார்.

"அம்மா செத்தது பன்னிரண்டாம் திகதி எண்டு எழுது, பிள்ளை."